கரை சேராத தண்டலுக்குப் பூசை கேட்க வைத்த அண்ணாச்சிக்கு

முத்தே! முந்நீர் தந்த சொத்தே! பொருநைக் கரையில் நெல்லோடு பிறந்து, பொங்குகடல் ஓரத்தில் சொல்லோடு வளர்ந்த பெருந்தகையே! நிலக்கரிக் கப்பலின் விலாவில் நீர் தொட்ட கோட்டை நிலை குலையாமல் படித்துச் சொன்ன நேர்மையே! நாவல் எழுதியும் நல்லவராகவே இருந்துவிட்ட விந்தையே! எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்திலிருந்து இன்று பணி நிறைவு பெற்று, சாப்பாட்டுத் தூக்கைக் கடைசி முறையாகப் பையில் வைத்துக்கொண்டு புறப்படும் எங்கள் அண்ணாச்சி, திரு. சிவசுப்பிரமணியன் அவர்களே! எல்லோர் சார்பிலும் வணக்கம்.

இந்த விளிகளில் முதல் இரண்டும் மடல் அச்சடிக்கும் முத்துக்குமரனுடைய சரக்கு. அவருடைய கம்ப்யூட்டரில் அவை எப்போதும் தயாராக இருக்கின்றன. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். நம் கடலில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாயிற்று. ஆனாலும், ஓய்வு பெறுகிறவரை 'முத்தே' என்று அழைக்காமல் முத்துக்குமரன் கையால் இதுவரை ஒரு மடலும் அச்சானதில்லை. போன மாதம் இதே முத்து வேறோர் அலுவலகத்தின் கணக்கராக இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “அது இல்லன்னா ஃபிரேம்ல மேல மொட்டையா நிக்கும் அண்ணாச்சி” என்றார். ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற விளிகள் என்னுடையவை. அவற்றுக்கு நான் பொறுப்பு.

இந்த மடலை வரையும் பெரும்பேறு ஆவணப் பிரிவு செந்தில்வேலாகிய என்னை வந்தடைந்ததற்குக் காரணம் எளிது. நம் அலுவலகத்தில் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவருக்கு விழா. மிச்சம் நான். பத்திரிகைகளில் ஊரைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னை எவரும் எழுத்தாளரோடு சேர்ப்பதில்லை. வெளியூர்க் கப்பல் கம்பெனிக்காரர்கள் வரும்போது நம் மேலாளர் உங்களை “எங்க நாவலிஸ்ட்” என்று அறிமுகம் செய்வார். பிறகு கையை என் பக்கம் லேசாக நீட்டி, “இவரும் ஏதோ எழுதுவாரு” என்பார். அந்த 'ஏதோ'வைச் சுமந்துகொண்டு முப்பது ஆண்டுகளாக உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்தப் பாராட்டில் பொறாமை கலந்திருக்கும். கலப்படமில்லாத பாராட்டு வேண்டுமென்றால் முத்துக்குமரனிடம் இன்னும் நிறைய இருக்கிறது.

பணியில் நிகரில்லாப் பண்பாளரே! உங்கள் தொழிலைப் பற்றி இங்கு வந்திருக்கும் விருந்தினர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு கப்பல் நிறைய நிலக்கரி வருகிறது. அதை எந்தத் தராசில் நிறுப்பது? நிறுக்க முடியாது. படகில் ஏறிக் கப்பலைச் சுற்றி வந்து, அதன் விலாவில் எழுதியிருக்கும் எண்களில் தண்ணீர் எதைத் தொடுகிறது என்று படிப்பார்கள். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று முதலில் ஒரு தடவை. சரக்கை இறக்கிய பிறகு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று இன்னொரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். அலை உயரும்போது ஓர் எண் தெரியும், தாழும்போது ஓர் எண் தெரியும். இரண்டையும் நம்பாமல் நடுவில் நிற்கும் எண்ணைப் பிடிக்கக் கண்ணும் பொறுமையும் வேண்டும். போதாததற்கு, ஒரு வாளியில் அந்த இடத்துத் தண்ணீரை மொண்டு அதன் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரே கப்பல் எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி அமிழ்வதில்லை.

இதை அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் அறிவோம். ஆனால் இதே வித்தையை வீட்டுக்குக் கொண்டுபோய் நாவல் எழுதலாம் என்று உங்களுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. ஒரே சம்பளம், ஒரே காண்டீன், ஒரே கடற்காற்று. எங்கே தவறினேன் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

துயரத்தை நீங்கள் ஒருநாளும் தராசில் வைத்ததில்லை. அது ஏறி உட்கார்ந்ததும் ஒரு வீடு எவ்வளவு அமிழ்ந்தது என்பதை மட்டும் படித்துச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். பாத்திரம் அழுகிறபோதும் எழுத மாட்டீர்கள், சிரிக்கிறபோதும் எழுத மாட்டீர்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, கடைக்குப் போக எழுந்திருக்கிற நேரத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். கதைக்குள் போவதற்கு முன் அந்தத் தெருவின் தண்ணீரில் ஒரு வாளி மொண்டுகொள்வீர்கள். மாப்பிள்ளையூரணியில் ஒருத்தி கோபப்படுவதும் விளாத்திகுளத்தில் ஒருத்தி கோபப்படுவதும் உங்கள் எழுத்தில் ஒன்றாக இருந்ததே இல்லை. நான் எழுதினால் எல்லோரும் என்னைப் போலவே கோபப்படுகிறார்கள்.

காதுகளையே கருவூலமாய்க் கொண்டவரே! எங்கள் பேச்சையெல்லாம் களவாடி எங்களுக்கே திருப்பிக் கொடுத்தீர்கள். உங்கள் மூன்றாவது நாவலில் ஓர் உப்புத் தரகர் வருகிறார். அவர் பேசுவது முழுக்க என் பேச்சு, என் இருமல் உட்பட. வருத்தம் அதில்லை. நான் பேசும்போது காண்டீனில் ஒருவரும் சிரிப்பதில்லை. அதையே உப்புத் தரகர் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

காண்டீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. கப்பல்துறையில் இடமில்லாமல் ஏதாவது ஒரு கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் நாளில் நமக்கு வேலை குறைவு. அப்படிப்பட்ட நாளின் மத்தியானத்தில் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் புது அத்தியாயத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுவது நம் அலுவலக வழக்கம். கப்பல் தாமதமானால் கம்பெனிக்கு நஷ்டம். ஆனால் நம் ஆட்கள் ரகசியமாகக் கும்பிட்டுக்கொண்டது தாமதமாகட்டும் என்றுதான். காண்டீன் நடத்தும் சந்தனச்செல்விக்கு மட்டும் அதில் புகார் உண்டு. நீங்கள் வாசிக்கும் நாளில் டீ எல்லாம் ஆறிப்போகிறதாம், மறுபடி சூடு பண்ணிச் சூடு பண்ணியே சிலிண்டர் தீர்ந்துபோகிறதாம்.

கடைசியாக வாசித்த நாவல்தான் இப்போது எங்கள் தொண்டையில் நிற்கிறது. சேசடிமை என்கிற தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவன், வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறான். தோணி போய்ச் சேரவில்லை. இந்த இடத்தில் நானாக இருந்தால் வானத்தைக் கிழித்திருப்பேன். இடி, மின்னல், கொந்தளிக்கும் கடல், கோயில் மணி தானாக அடிப்பது என்று ஒரு குறையும் வைத்திருக்க மாட்டேன். நீங்கள் கடலையே காட்டவில்லை. சேசடிமையின் மனைவி திரேசம்மா, அவனுடைய நல்ல சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போகிறாள். இதைச் சின்னதாக்கித் தர வேண்டும் என்கிறாள். எவ்வளவு சின்னதாக என்று தையற்காரர் கேட்கிறார். மகனை முன்னால் இழுத்து நிறுத்துகிறாள். அவர் டேப்பை எடுக்கிறார். அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிட்டது.

அன்று டீ மட்டுமல்ல, வடையும் ஆறியது. நம் சர்வே படகை ஓட்டும் தேவபிரசாதம் தட்டைக் கழுவாமலே எழுந்து வெளியே போனார். எனக்கு வயிறு எரிந்தது. 'செத்தான்' என்று ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒரு டேப்பை வைத்து ஒரு மனுசனைக் கொன்றுவிட்டாரே என்று எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இந்த ஊர் அறியும், நீங்களும் அறிவீர்கள். கடற்கரைக் கோயிலில் காலைப் பூசையில், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை வாசித்த சாமியார், தண்டல் சேசடிமையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார். பூசைக்கு எழுதிக் கொடுத்தவர் தேவபிரசாதம். சேசடிமை எந்தத் தெரு, யார் மகன் என்று கோயிலில் ஒருவருக்கொருவர் குசுகுசுத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் நான்கைந்து பெண்கள் தேவபிரசாதத்தின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டபோது அவர் சிரிக்கவில்லை.

“உடம்பு கெடைக்கலல்லா? பொண்டாட்டிக்குப் பூசை கேக்க மனசு வராது. கேட்டா செத்துப்போனான்னு ஆயிரும். அப்போ வேற யாராச்சும்தான கேக்கணும்” என்றார்.

நாங்களும் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

கேளுங்கள் அவையோரே! நானும் எத்தனையோ கட்டுரைகளில் எத்தனையோ பேரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். என் எழுத்தில் அடிபட்டவனுக்காக இதுவரை ஒருவரும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தியதில்லை. விருது வாங்கிய எழுத்தாளர்களைக் கண்டு நான் பொறாமைப்பட்டதே கிடையாது. விருது எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இல்லாத ஒரு மனிதனுக்கு இருக்கிற ஒரு மனிதர் போய்ப் பூசை கேட்டார் என்றால், அதற்கு யார் சிபாரிசு செய்ய முடியும்?

பூசை வைத்த செய்தியைப் படகில் வைத்து தேவபிரசாதமே உங்களிடம் சொன்னாராம். அன்று நீங்கள் ஒரு கோட்டைத் தப்பாகப் படித்து, படகை மறுபடி சுற்றவைத்தீர்கள். அதற்கடுத்து ஒரு கப்பல் வெளிக்கடலில் நின்றது. நாங்கள் காண்டீனில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். நீங்கள் தாள் எதுவும் இல்லாமல் தூக்கோடு மட்டும் வந்தீர்கள். இனி எழுதுவதாக இல்லை என்றீர்கள். வேலையோடு சேர்த்து அதற்கும் ஓய்வு என்றீர்கள். கதை கடைசி அத்தியாயத்தின் வாசலில் நிற்கிறது. திரேசம்மா மகனுக்கு அந்தச் சட்டையைப் போட்டு நன்மை, அதாவது நற்கருணை, வாங்கக் கோயிலுக்கு அனுப்பியிருக்கிறாள். அவளை அங்கேயே நிறுத்திவிட்டு நீங்கள் மோர் சாதத்தைப் பிசையத் தொடங்கினீர்கள்.

அன்று எனக்கு மகிழ்ச்சி. மறைக்கவில்லை. சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் நின்று, துறைமுகத்தில் இனி நான் ஒருவன்தான் எழுத்தாளன் என்று இரண்டு பஜ்ஜி அதிகமாகவே சாப்பிட்டேன். மறுநாள் காலையில் மேசைக்கு வந்து உட்கார்ந்தால் எழுத ஒன்றும் இல்லை. அடுத்த மேசையில் இருப்பவரைவிட நன்றாக எழுத வேண்டும் என்றுதான் இத்தனை காலம் எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்களுடைய புத்தகங்களையும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. வயிறு எரியவில்லை.

நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்பதை எங்களிடம் சொல்லவில்லை. வீட்டில் உங்கள் மனைவி இசக்கித்தாய் மதினியிடம் சொன்னீர்கள். மதினி நம் தட்டச்சு ஜெபகனியிடம் போனில் சொன்னார்கள். ஜெபகனியிடம் சொன்னது மத்தியானத்துக்குள் அலுவலகத்தின் பொதுச்சொத்து ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். சேசடிமை சாகவில்லை, கடைசி அத்தியாயத்தில் அவன் திரும்பி வருகிறான், ஆரம்பத்திலிருந்தே உங்கள் ஏற்பாடு அதுதான். ஊரறியப் பூசை வைத்த ஆளை உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினால் தேவபிரசாதத்தைக் கோயிலில் கேலிப்பொருள் ஆக்கியதாகிவிடும். அவருக்காக அவனைச் சாகடித்தால் கதை பொய்யாகிவிடும். இரண்டும் முடியாமல் பேனாவை மூடிவிட்டீர்கள். மதினி அதோடு தன் வழக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்: “ரிட்டயர்டு ஆயி எழுதாம வீட்டுல சும்மா இருந்தாவன்னா, சாம்பார் சட்டிக்கும் டிராஃப்ட் சர்வே எடுப்பாவ. எப்படியாச்சும் எழுதச் சொல்லுங்கம்மா.”

அண்ணாச்சிதான் எழுத மாட்டார், நீங்கள் எழுதி முடியுங்களேன் என்று ஜெபகனி என்னிடம் சொன்னார். விதி. எழுதினேன். போன வாரம் நீங்கள் விடுப்பில் இருந்த நாளில் காண்டீனில் வாசித்தேன். சேசடிமை கொட்டும் மழையில் வருகிறான், திரேசம்மா மயங்கி விழுகிறாள், கோயில் மணியை இந்தத் தடவையும் என்னால் அடிக்காமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் டீயைச் சூடாகவே குடித்தார்கள். சந்தனச்செல்வி, இனி அடிக்கடி வாசியுங்கள் என்று மனமாரச் சொன்னார். வாசித்து முடித்ததும் ஜெபகனி தட்டில் கை வைத்தபடி கேட்டார்: “எல்லாம் சரி அண்ணாச்சி, அந்தச் சட்டை என்னாச்சு?”

என்ன சட்டை என்றேன்.

“மகனுக்கு வெட்டித் தச்சாள்லா, அந்தச் சட்டை. இவன் திரும்பி வந்து மாத்திக்கிடச் சட்டை கேப்பாம்லா?”

அண்ணாச்சி, அந்த நிமிடத்தில்தான் உங்கள் கப்பலின் ஆழம் எனக்குத் தெரிந்தது. அந்தத் தையற்கடையை நாங்கள் எல்லோரும் அவனுடைய சாவு என்று படித்தோம். நீங்களோ அதை அவனுடைய வருகைக்காக வெட்டியிருக்கிறீர்கள். உயிரோடு வாசலில் வந்து நிற்கிறவன், தன்னுடைய சட்டையைச் சின்னதாகத் தன் மகன் மேல் பார்க்க வேண்டும். தான் இந்த வீட்டில் எவ்வளவு தூரம் செத்துப்போயிருக்கிறோம் என்பதை அந்தத் தையலில் அவனே படிக்க வேண்டும். இத்தனையையும் ஒரு டேப்புக்குள் சுருட்டி வைத்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவர் போல வடை தின்றுகொண்டிருந்தீர்கள். இப்படி ஓர் ஆளுக்குப் பக்கத்து மேசையை எனக்கு ஒதுக்கிய நிர்வாகத்தை நான் மன்னிக்கவில்லை.

ஆகவே இந்த மடலின் மூலமாக, இதுவரை நீங்கள் அறியாத ஒரு செய்தியை இந்த மேடையிலேயே உங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தேவபிரசாதத்திடம் நாங்கள் கேட்டுவிட்டோம். சேசடிமை திரும்பி வந்தால் உமக்கு வருத்தமா என்று கேட்டோம். படகின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே அச்சடிக்கும்படி முத்துக்குமரனுக்குக் கண்டிப்பான உத்தரவு.

“வரட்டும். தண்டல் உயிரோட வந்தா எனக்கு என்ன வருத்தம்? பூசை வீணாப்போவாது. கேக்க ஆள் இல்லாத எவனுக்காவது போய்ச் சேந்திருக்கும். வாசல்ல வந்து நின்னவன் மொத வார்த்தை என்ன சொன்னான்னு அண்ணாச்சிட்ட கேட்டு வைங்க.”

கேட்டுவிட்டோம். பதில் உங்களிடம் இருக்கிறது.

சர்வே வித்தகரே! சலியாத உழைப்பாளரே! முதல் அளவை எடுத்துவிட்டுக் கடைசி அளவை எடுக்காமல் கப்பலை விட்டு இறங்கினால் அந்த சர்வே செல்லாது, எந்த மாலுமியும் அதில் கையெழுத்துப் போட மாட்டான் என்று, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தவர் நீங்கள். அந்தப் பாடத்தை நாங்கள் மறக்கவில்லை. இந்த மடலின் அடியில் பணியாளர்கள் எல்லோரும் கையெழுத்திடுவது வழக்கம். அந்த இடத்தைப் பாருங்கள். காலியாக இருக்கிறது. மடலைப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகையில் ஆணி அடிக்க வேண்டாம், கொக்கி மட்டும் போடுங்கள் என்று சொல்லிச் செய்திருக்கிறோம். சீக்கிரத்தில் ஏதாவது ஒரு கப்பல் வெளிக்கடலில் நிற்கத்தான் போகிறது. அன்று மத்தியானம் கடைசி அத்தியாயத்தோடு காண்டீனுக்கு வாருங்கள். மதினியையும் அழைத்து வாருங்கள். வரும்போது இந்தச் சட்டத்தையும் கொண்டுவாருங்கள். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, தேவபிரசாதம் முதல் கையெழுத்தைப் போடுவார். ஜெபகனியும் சந்தனச்செல்வியும் மற்ற எல்லோரும் அவருக்குப் பின்னால் போடுவார்கள்.

என் கையெழுத்து கடைசி. அந்த அத்தியாயத்தில் ஒரு குறையாவது கண்டுபிடித்த பிறகுதான் போடுவேன். அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தெரியவில்லை. எத்தனை ஆண்டுகள் ஆனாலும், கண் மங்காமல், கை நடுங்காமல், மதினியின் சாம்பாரைக் குறை சொல்லாமல், நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

தூத்துக்குடி
பணி நிறைவுப் பாராட்டு விழா

கையெழுத்துகள்: